ஜெசிந்தாவின் கட்டைவிரல்

ஜனவரி 8

கோயம்புத்தூர். பொறியியல் கல்லூரி மைதானம். ஜெசிந்தா குரல்: எட்டு.

வங்கியில் கொடுத்த டைரி இது. நாளுக்கு ஒரு பக்கம். இதுவரை நான் எழுதியதெல்லாம் நாற்பது பக்க நோட்டில்தான். ஊர், அரங்கம், என்ன கெட்டுப்போனது, அவ்வளவே. இந்த வருஷம் இடம் தாராளமாக இருப்பதால் நானும் தாராளமாக எழுதப் பார்க்கிறேன். சம்பூரணம் படிக்கமாட்டாள். என் கையெழுத்தைப் பார்த்தாலே என் மனைவிக்குத் தலைவலி வந்துவிடும்.

என் வேலையை உறவுக்காரர்களுக்கு விளக்கி அலுத்துவிட்டேன். கூட்டத்துக்குக் கேட்கிற சத்தத்தை மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து வேறு ஒருவர் பார்த்துக்கொள்வார். நான் மேடை ஓரத்தில் நிற்பவன். பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் காதில் மாட்டியிருக்கும் இயர்பீஸுக்குள் என்ன கேட்கிறார்களோ அது மட்டும் என் பொறுப்பு. ஒழுங்காகச் செய்தால் நான் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

மிக்ஸரில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு ஃபேடர், மேலே தள்ளினால் சத்தம் கூடும். பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டிப் பத்துக் கோடு போட்டுக்கொள்வேன். எங்கள் பாடகி ஜெசிந்தாவின் குரல் எந்தக் கோட்டில் முடிந்ததோ அதில் பேனாவால் ஒரு புள்ளி. நிகழ்ச்சி முடிந்ததும் டேப்பை உரித்து நோட்டில் ஒட்டுவேன். பத்தொன்பது வருஷப் பழக்கம்.

வலது கையில் மைக்கைப் பிடித்துப் பாடும்போது அவளுடைய இடது கை தொடையோடு ஒட்டித் தொங்கும். கட்டைவிரல் மேலே நிமிர்ந்தால் "என் குரலை ஏத்துங்கண்ணே" என்று அர்த்தம். கீழே இருக்கும் யாருக்கும் தெரியாது. நேற்று நான்கு தடவை நிமிர்ந்தது. ஏற்றினேன்.

பெட்டி கட்டும்முன் அவளுடைய இயர்பீஸை என் காதில் வைத்து, மைக்கில் பேசிப் பார்த்தேன். சத்தம் தாங்காமல் உடனே எடுத்துவிட்டேன்.

ஜனவரி 9

வேனில் ஊர் திரும்பினோம். ஜன்னல் ஓரம் காலியாக இருந்தும் ஜெசிந்தா இடம் மாறி என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். பேசுகிறவர் அவளுக்கு வலப்பக்கம் இருந்தால்தான் பேச்சு ஓடுகிறது.

ஜனவரி 21

ஒத்திகை. அசோக் நகரில் நிர்மலின் வீட்டு மாடி. நிர்மல்தான் 'கரிப்பு' குழுவின் கிட்டார். இருபது வருஷத்துக்கு முன் அவனும் ஜெசிந்தாவும் கல்லூரியில் ஆரம்பித்த குழு. ட்ரம்ஸ் வாசித்தவர்கள் ஐந்து பேர் மாறிவிட்டார்கள். இரண்டு பேர் கனடா, ஒருவன் கம்ப்யூட்டர் கம்பெனி, மற்றவர்கள் எங்கேயோ. இவர்கள் இருவரும் நானும்தான் அப்படியே இருக்கிறோம்.

ஏப்ரல் 15 சென்னையில் இருபதாம் ஆண்டுக் கச்சேரி. அதற்குப் புதுப் பாட்டு ஒன்று செய்கிறாள். எப்போதும்போல முதலில் வார்த்தையே கிடையாது. "லேலா நனனோ" என்று வாய்க்கு வந்ததை முழுப் பாட்டுக்கும் பாடிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் அந்தச் சத்தங்களுக்குள் வார்த்தையைத் தேடுவாள்.

நிர்மல் அவளுடைய இடப்பக்கம் நின்று, "சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கலாமா?" என்று கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் கேட்டான். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அவ யோசிக்கிறா, சும்மா இருப்பா" என்றேன் நான்.

வீடு திரும்பும்போது பால் வாங்க மறந்துபோனேன். வீட்டில் திட்டு.

பிப்ரவரி 4

காது டாக்டரிடம் ஜெசிந்தாவோடு போனேன். ஏன் என்னைக் கூப்பிட்டாள் என்று கேட்டதற்கு, "நீங்கதான் வாயத் தொறக்க மாட்டீங்க" என்றாள்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஒரு மணி நேரம் சோதித்தார்கள். இடது காதில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. வலதில் பாதி. போனது திரும்பாதாம்.

"இதே சத்தத்துல இன்னும் ஒரு வருஷம் பாடுங்க. அப்புறம் நீங்க பாடுறது உங்களுக்கே கேக்காது" என்றார் டாக்டர். அவருக்கு வயது குறைவு. கோபத்தை மறைக்கத் தெரியவில்லை. "யாரும்மா உங்களுக்கு இவ்வளவு சத்தம் வைக்கிறது? அந்த ஆளுக்கு அறிவு இல்லையா?"

"ஊருக்கு ஒருத்தர் வருவாங்க டாக்டர்" என்றாள் ஜெசிந்தா. "இன்னாருன்னு சொல்ல முடியாது. இவரு எங்க அண்ணன். துணைக்கு வந்தாரு."

டாக்டர் எனக்கு வணக்கம் சொன்னார். சுவரில் காதின் படம் மாட்டியிருந்தது. உள்ளே நத்தை மாதிரி ஒன்று. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து இளநீர் குடித்தோம். திருச்சி, தூத்துக்குடி, சென்னை மூன்றையும் முடிக்காமல் விடமாட்டேன் என்றாள். நிர்மலிடம் மூச்சுக் காட்டக் கூடாது என்றாள். "எங்கம்மாவுக்கு உப்பு கண்ணத் தின்னுச்சி. எனக்குச் சத்தம் காதத் தின்னுது. குடும்ப வழக்கம்ணே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 5

அந்த ஆளுக்கு அறிவு இல்லையா.

பிப்ரவரி 12

பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். பொங்கலுக்குத் தூசி தட்டாததைச் சம்பூரணம் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தாள், அதனால்தான் இறக்கினேன்.

முதல் டேப்: மூன்று. கல்லூரி விழா ஒன்று. தூத்துக்குடியிலிருந்து படிக்க வந்த ஒல்லிப் பெண், பெயர் ஜெசிந்தா பெர்னாந்து. கோயில் பாடகர் குழுவில் பழகிய குரல் என்றார்கள். அவள் வாயைத் திறந்ததும் நான் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அன்று அவள் பாடியது 'வெள்ளை வெயில்'. உப்பளத்தில் வேலை பார்த்து, வெயிலும் உப்பும் சேர்ந்து கூசிக் கூசிப் பார்வையை இழந்த அம்மாவுக்கு எழுதியது.

வெள்ளையா வெளையுது வெயிலு
வாரிக் குவிக்கிறா எங்கம்மா
ஊரு சோத்துக்கு ருசி கொடுத்தா
அவ கண்ணுக்குள்ள ராத்திரி

காதலைத் தவிர வேறு விஷயங்களையும் ராக் இசையில் பாடலாம் என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. எனக்கும்தான்.

நாலாவது வருஷம்: நான்கு. சினிமாவில் பாடக் கூப்பிட்டார்கள். பாடினாள். படம் வந்தபோது அதே பாட்டு வேறு குரலில் இருந்தது. அந்த வாரம் திருநெல்வேலியில் தொண்டை கிழியப் பாடினாள்.

ஏழாவது வருஷம்: ஐந்து. முதல் ஆல்பம் வெளியீடு. நிர்மல் கிட்டார் சத்தத்தைப் பெருக்கப் பெரிய ஆம்ப் வாங்கிய வருஷமும் அதுதான். அவன் சத்தத்தை மீறித் தன் குரல் கேட்க அவளுக்கு ஏற்றவேண்டியிருந்தது.

பதினோராம் வருஷம்: ஆறரை. பெங்களூரு, பன்னிரண்டாயிரம் பேர்.

பிறகு ஏழு. ஏழு. ஏழரை. எட்டு.

தரையில் வரிசையாகப் பரப்பி வைத்தால் புள்ளிகள் படிக்கட்டு மாதிரி ஏறுகின்றன. ஒரு இடத்தில்கூட இறங்கவில்லை. அவள் கேட்டாள், நான் கொடுத்தேன். கேட்டதைக் கொடுப்பதுதான் என் வேலை.

பிப்ரவரி 18

திருச்சி. உள்ளரங்கம். ஜெசிந்தா குரல்: ஆறரை.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம், வெளியே சொல்லமாட்டோம். மிக்ஸரில் எதனோடும் சேராத ஒரு வெறும் ஃபேடர் வைத்திருப்போம். சும்மா நச்சரிக்கிற ஆள் "இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றால், அந்த வெறும் ஃபேடரை அவர் கண் எதிரே மேலே தள்ளி, "இப்ப சரியா?" என்பதுபோல் தலையாட்டுவோம். ஒன்றும் மாறியிருக்காது. பத்தில் ஒன்பது பேர் "ஆங், இப்ப சூப்பர்" என்பார்கள்.

ஜெசிந்தாவிடம் அதை நான் செய்ததே இல்லை. அவள் கேட்டால் காரணம் இருக்கும்.

நேற்று செய்தேன். ஆறரையில் வைத்தேன். மூன்று தடவை கட்டைவிரல் நிமிர்ந்தது. மூன்று தடவையும் வெறும் ஃபேடரைத் தள்ளித் தலையாட்டினேன். நன்றாகவே பாடினாள். முடிந்ததும், "இன்னைக்குத் தெளிவா இருந்துச்சிண்ணே" என்றாள். ரயிலில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அவளுக்கே தெரியாமல், எட்டிலிருந்து ஆறுக்கு, ஐந்துக்கு, நாலுக்கு இறக்கிவிடலாம். டாக்டருக்குப் பதில் சொன்ன மாதிரி இருக்கும்.

மார்ச் 3

கேஸ் சிலிண்டர் வந்தது. மாடி டேங்க் கழுவினேன். ஒத்திகையில் ஆறு.

மார்ச் 11

தூத்துக்குடி. பள்ளி மைதானம். ஜெசிந்தா குரல்: ஐந்து.

கடற்காற்று பலம். காற்று அடித்தால் சத்தம் ஓரிடத்தில் நிற்காது. மேடைக்கு மேலே கட்டியிருந்த துணி படபடத்துக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கர் வைத்த இடமும் சரியில்லை. 'வெள்ளை வெயில்' சரியாக அமையவில்லை.

மார்ச் 12

வேனில் ஊர் திரும்பும்போது ஜெசிந்தா கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 14

காற்று இல்லை, அது நான் எழுதிய சாக்கு. அன்றைக்கு என்ன நடந்தது என்பதை எழுதிவிடுகிறேன்.

சொந்த ஊர் என்பதால் முன்வரிசையில் அவளுடைய அம்மா, பெயர் மோட்சம், கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஐந்தில் வைத்திருந்தேன். உள்ளரங்கத்தில் ஆறரை போதுமானதாக இருந்தது. திறந்த மைதானத்தில் ஐந்து எப்படிப் போதும்? முப்பது வருஷம் இந்த வேலை செய்தவனுக்கு இது தெரியாதா?

'வெள்ளை வெயில்' இரண்டாம் அடியில் சுருதி மேலே போனது. தன் குரல் கேட்காதவர்கள் அழுத்திப் பாடுவார்கள், அழுத்தினால் சுருதி ஏறும். கிட்டார் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கூட்டம் முதலில் அமைதியானது. பிறகு எங்கேயோ ஒருவன் சிரித்தான். கைபேசிகள் உயர்ந்தன.

கட்டைவிரல் நிமிர்ந்தது. இறங்கி, மறுபடி நிமிர்ந்தது. பிறகு மறைக்கவே இல்லை, கையை நெஞ்சளவுக்குத் தூக்கி என்னைப் பார்த்துக் காட்டினாள்.

நான் வெறும் ஃபேடரை உச்சிவரை தள்ளித் தலையாட்டினேன். ஏன் அப்போதும் அதைச் செய்தேன் என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். கை பழகிவிட்டது. உண்மையான ஃபேடருக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளிதான்.

அவள் இயர்பீஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு அப்படியே நின்றாள். நிர்மல் வாசித்து முடித்தான்.

கீழே இறங்கியதும் அம்மா அவள் முகத்தைத் தடவிப் பார்த்து, "ஏட்டி, நடுவுல ஏன் கத்துன? ஆரும் அடிச்சிட்டாவளா?" என்று கேட்டார்.

மார்ச் 15

வீடியோ எல்லாக் கைபேசியிலும் ஓடுகிறது. "இருபது வருஷப் பாடகியாம்" என்று எழுதிச் சிரிக்கிறார்கள். ஜெசிந்தா நிர்மலைக் கூப்பிட்டு, காது விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவன் ஆம்ப் மேல் தலையைக் கவிழ்த்து அழுதானாம்.

எனக்கும் போன் செய்தாள். "டாக்டரு ஒரு வருஷம்னாரு. ஒரு மாசத்துலயே முடிஞ்சி போச்சிண்ணே. நீங்க கடைசி வரைக்கும் ஏத்துனீங்க, நான் பாத்தேன். எனக்குத்தான் கேக்கல."

சென்னைக் கச்சேரியை ரத்து செய்யப்போகிறாளாம். இனி பாடுவதில்லை என்றும் சேர்த்தே அறிவிக்கப்போகிறாளாம்.

"சரிம்மா" என்றேன்.

மார்ச் 17

மிக்ஸரைத் துடைத்தேன். ஒயர்களைச் சுருட்டி வைத்தேன். ஏற்கெனவே சுருட்டியிருந்ததையும் பிரித்துச் சுருட்டினேன்.

"இன்னாயா, ரெண்டு நாளா சோத்தப் பெசஞ்சிகினே உக்காந்துகினு கீற?" என்றாள் சம்பூரணம். "யார்னா செத்துட்டாங்களா?"

இல்லை என்றேன்.

மார்ச் 19

ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். சம்பூரணம் காபி கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள்.

கைபேசியில் புதுப் பாட்டைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தாள். வார்த்தை இன்னும் இல்லை, "லேலா நனனோ"தான். மேசைமேல் வைத்து, "இது சுருதியில இருக்கா இல்லையான்னு சொல்லுங்கண்ணே. எனக்கு இனிமே என் காது மேல நம்பிக்கை இல்ல. உங்க காத நம்புறேன். நீங்க இல்லன்னு சொன்னா, நாளைக்கே அறிவிச்சிடுறேன்" என்றாள்.

கேட்டேன். ஒரு இழைகூட விலகவில்லை. வீட்டின் அமைதியில், சின்னச் சத்தத்தில், அந்தப் பாதிக் காதை வைத்துக்கொண்டு அப்படிப் பாடியிருந்தாள். தூத்துக்குடியில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அவள் பாட்டை என் கையால் நிறுத்தியதாகிவிடும்.

"தூத்துக்குடியில உனுக்குக் கேக்காம போனது உன் காதால இல்லம்மா" என்றேன். "நான் ஏத்தவே இல்ல. அஞ்சுலயே வச்சிருந்தேன். நீ பாத்தது வெறும் ஃபேடரு. அதுல ஒண்ணும் கெடையாது."

அவள் புரியாமல் பார்த்தாள். விளக்கினேன். திருச்சியையும் சொன்னேன். டாக்டரையும், டேப்பையும், எல்லாவற்றையும் உளறினேன்.

 காபியில் ஆடை படிந்துவிட்டது.

"கொறச்சதுகூடப் பரவால்லண்ணே" என்றாள் கடைசியில். "அத்தன பேரு முன்னாடி, எங்கம்மா முன்னாடி, நான் கைய நீட்டிக் கெஞ்சுறேன். நீங்க என் கண்ணப் பாத்துத் தலையாட்டுனீங்க."

எழுந்து போனாள். கைபேசியை மறந்துவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 20

அறிவிப்பு எதுவும் வரவில்லை.

மார்ச் 24

நிர்மல் போன். கச்சேரி நடக்குமாம். மானிட்டருக்கு, அதாவது என் வேலைக்கு, வேறு ஆள் பார்த்திருக்கிறார்களாம். "அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றான்.

அதில் தப்பு என்ன இருக்கிறது. நல்ல ஆளாகப் பார்க்கச் சொன்னேன். ஏழுக்கு மேல் போகாத ஆளாக.

மார்ச் 30

ரேஷன் கடை. கூட்டம். பருப்பு வரவில்லை.

ஏப்ரல் 1

ஜெசிந்தாவிடமிருந்து செய்தி வந்தது: "பழைய நோட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

இரண்டு பையில் போட்டு ஆட்டோவில் கொண்டுபோனேன். அவள் வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, முதல் நோட்டிலிருந்து ஒவ்வொரு டேப்பாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள். மூன்று, நான்கு, ஐந்து. திருநெல்வேலிப் பக்கத்தில் நின்றாள். பெங்களூரில் நின்றாள். எட்டில் புள்ளி வைத்த பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நாலு வருஷமா எனக்குத் தெரியும்ணே, எடது காது போயிட்டுன்னு" என்றாள். "தெரிஞ்சிதான் ஏத்தச் சொன்னேன். நீங்க மாட்டேன்னு சொல்லிருந்தா வேற ஆள வச்சிருப்பேன். அம்மாவுக்கு உப்பளத்துல கறுப்புக் கண்ணாடி கொடுத்தாங்க. போட்டா உப்பு சரியாத் தெரியலன்னு கழட்டி வச்சிட்டுத்தான் வாருவாங்க. நானும் அதேதான்."

"நான் ஒரு தபாகூடச் சொல்லலியேம்மா."

"ஆமா. சொல்லல." மழுப்பாமல் சொன்னாள். எனக்கு அது நல்லதாகவே பட்டது.

பிறகு அவள் கணக்குப் போட்டு வைத்திருந்ததைச் சொன்னாள். நாலுக்கு மேல் வேண்டாம். நிர்மலும் ட்ரம்ஸும் அடக்கி வாசிக்கவேண்டும். அப்படிச் செய்தால் அவளுக்குத் தன் குரல் பாதி கேட்காது. அதற்கு, புது ஆளை விட்டுவிட்டு, நானே மிக்ஸரோடு மேடையில் அவள் வலப்பக்கம், கண்ணில் படுகிற மாதிரி நிற்கவேண்டும். அவள் சுருதி ஏறினால் என் கட்டைவிரல் கீழே. இறங்கினால் மேலே. சரியாக இருந்தால் கையை மூடிக்கொள்ளவேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு. தப்புன்னா தப்புன்னு காட்டணும். பாவம் பாத்துக் கைய மூடுனீங்க, அன்னையோட நம்ம ஒறவு முடிஞ்சிது."

தலையாட்டப் போனேன். நிறுத்திக்கொண்டு, "சரி" என்று வாயால் சொன்னேன்.

ஏப்ரல் 9

ஐந்தாவது ஒத்திகை. இருபது வருஷத்தில் முதல்முறையாக நிர்மல் ஆம்பைக் குறைத்திருக்கிறான். கொசு கத்துகிற மாதிரி இருக்கிறது என்று புலம்புகிறான். பதினேழு தடவை கட்டைவிரலைக் கீழே காட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சுருங்குகிறது. நான் காட்டுவதை நிறுத்தவில்லை.

வெறும் ஃபேடரின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன்.

ஏப்ரல் 13

புதுப் பாட்டுக்கு வார்த்தை வந்துவிட்டது என்றாள். காட்டமாட்டாளாம்.

ஏப்ரல் 16

நேற்று சென்னை. தீவுத்திடல் பக்கம் திறந்த மேடை. மூவாயிரம் பேருக்குக் குறையாது. அதில் பாதிப் பேராவது தூத்துக்குடி வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். முன்னால் நின்றவர்களின் முகத்திலேயே தெரிந்தது. விழுவாளா என்று பார்க்க வந்த முகங்கள்.

அவளே முதலில் பேசினாள். "எனக்கு ஒரு காது இல்ல. இன்னொண்ணு பாதி இருக்கு. இது முழுக் குழுவோட நான் பாடுற கடைசிக் கச்சேரி. அந்தா நிக்காரே, கோதண்டண்ணன், அவருதான் இன்னைக்கு எனக்குக் காது." மூவாயிரம் பேரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

'வெள்ளை வெயில்' இரண்டாம் அடி வந்தது. அதே இடத்தில் அதே மாதிரி ஏறினாள். கூட்டம் கவனித்ததா தெரியாது, நான் கவனித்தேன். அவள் கண் என்மேல் இருந்தது. கையை மூடிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது, அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. மூவாயிரம் பேர் பார்க்கக் கட்டைவிரலைக் கீழே காட்டினேன். அவள் குரல் இறங்கி வந்து கிட்டாரோடு சேர்ந்தது. கையை மூடினேன். என் கண் கலங்கிவிட்டதால் அடுத்த இரண்டு அடியும் காதை மட்டும் நம்பினேன்.

கடைசியாகப் புதுப் பாட்டு.

கொஞ்சம் மிச்சம் இருக்கு எனக்குள்ள சத்தம்
கூட்டம் கலையுமுன்ன கொடுத்துட்டுப் போறேன்
கேக்காத காதோட கேட்டுக்கிட்டே போறேன்

இரண்டாவது தடவை அதைப் பாட ஆரம்பிக்கும்முன் கிட்டார் மட்டும் போகிற இடம். அவள் இடது கை தொடையோடு ஒட்டியது. கட்டைவிரல் நிமிர்ந்தது. பழக்கதோஷமா, கடைசிப் பாட்டைத் தன் குரலில் முழுசாக ஒருமுறை கேட்டுவிட ஆசையா, நான் கேட்கவில்லை. ஃபேடர் என் விரலுக்கு அடியில் இருந்தது. ஏழுக்குத் தள்ளினால் அவளுக்கு எல்லாம் கேட்கும். எனக்கும் அந்த ஆசை இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

மாட்டேன் என்று தலையசைத்தேன்.

அவள் மறுபடி கட்டைவிரலைக் காட்டினாள். மறுபடியும் மாட்டேன் என்றேன்.

ஜெசிந்தா என்னைப் பார்த்து முகம் மலரச் சிரித்தாள். கையை மூடிக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோய், கடைசி அடியை மாற்றி, "கேட்டது போதும்" என்று பாடினாள்.

காலையில் டேப்பை உரித்து ஒட்டினேன். சென்னை. திறந்த மேடை. ஜெசிந்தா குரல்: நான்கு.